மேற்கே சூரியன், கிழக்கே கொடி: சாந்தோரினியின் ஒயின் நிலம்

கிரேக்கத் தீவான சாந்தோரினிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேற்குப் பார்த்தே நிற்கிறார்கள். கீழே கடல் நிரம்பிய எரிமலை வாய், மேலே வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், சூரியன் இறங்கும் கடைசி இருபது நிமிடம். இந்தத் தீவின் ஒயின் இருப்பதோ அவர்கள் முதுகுக்குப் பின்னால். எரிமலை வாயின் விளிம்பிலிருந்து கிழக்குக் கடற்கரைவரை மெல்லச் சரிந்து போகும் சாம்பல் நிறத் தரையில், முழங்கால் உயரம் வருமா வராதா என்று பச்சைத் திட்டுகள் தள்ளித் தள்ளிக் கிடக்கும். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் யாரும் கவனிக்காமல் விட்ட புதர்க்காடு போலத் தோன்றும். வேலி கிடையாது, கம்பி கிடையாது, வரிசைகூட ஒழுங்காக இராது. ஐரோப்பாவின் மிகப் பழைய திராட்சைத் தோட்டங்களில் சில அவைதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து பழகியவர்களுக்கு இது தலைகீழ் உலகம். அங்கே கொடி தலைக்கு மேல், இங்கே காலடியில். அங்கே பாசனம், இங்கே பெரும்பாலான தோட்டங்களில் வானம் பார்த்த வெள்ளாமை. ஆண்டு முழுவதும் சேர்த்தால் 300 முதல் 400 மில்லிமீட்டர் மழை, அதுவும் அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் பெய்து முடிந்துவிடும். கொடி பூத்துக் காய்த்துப் பழுக்கும் காலம் முழுக்க ஒரு நல்ல மழைகூட இல்லாமல் போவது சாதாரணம். அப்படியானால் கொடி எதைக் குடித்து உயிர் வாழ்கிறது என்பதுதான் இந்த ஊரில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

விடை மண்ணில் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவின் எரிமலை வெடித்து, நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்தது. மிஞ்சிய பிறை வடிவ நிலத்தின்மேல் நுரைக்கல்லும் சாம்பலும் பல மீட்டர் கனத்துக்குப் படிந்தன. இந்தக் கலவைக்கு உள்ளூர்ப் பெயர் 'ஆஸ்பா'. கையில் எடுத்தால் பொரியைப் போல எடையற்று இருக்கும். கல்லுக்குள் முழுக்கத் துவாரம். கோடை இரவில் கடலிலிருந்து ஏறிவரும் ஈரக்காற்றையும் பனியையும் இந்தத் துவாரங்கள் உறிஞ்சி வைத்து, பகலில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. குளிர்கால மழையும் ஓடிப்போகாமல் அடியில் தங்குகிறது. சுண்ணாம்போடு சேர்த்தால் இதே மண் தண்ணீருக்கடியிலும் இறுகும் என்பதால், 19ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்குக் கப்பல் கப்பலாக வெட்டி அனுப்பினார்கள். பிரா ஊருக்குத் தெற்கே விளிம்பில் தெரியும் பெரிய வெட்டுப் பள்ளங்கள் அந்தச் சுரங்கங்களின் மிச்சம்.

இந்த மண்ணில் களிமண் ஏறக்குறைய இல்லை. அது பெரிய அதிர்ஷ்டமாகப் போயிற்று. 1860களில் தொடங்கி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்த பிலாக்சரா என்ற வேர்ப்பேன், இத்தகைய மணற்பாங்கான மண்ணில் வேருக்கு வேர் நகர்ந்து பரவ முடியாது. மற்ற பெரும்பாலான இடங்களில் அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுப்போட்டுத்தான் திராட்சையைக் காப்பாற்றினார்கள், இன்றும் அப்படித்தான். சாந்தோரினியில் கொடி அதன் சொந்த வேரிலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒரு கொடி பட்டுப்போனால் நாற்று வாங்கி வருவதில்லை. அடுத்த கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்துப் பதியம் போடுகிறார்கள். வேர்விட்டதும் தாயிலிருந்து பிரித்துவிடுவார்கள். ஆக இந்தத் தோட்டங்களில் 'இந்தக் கொடிக்கு எத்தனை வயது?' என்று கேட்டால் கொடிக்காரர் முதலில் எதிர்க்கேள்வி போடுவார்: மேலே தெரியும் கட்டைக்கா, கீழே இருக்கும் வேருக்கா?

அந்த எதிர்க்கேள்வியின் அர்த்தம் தெரிய, கொடியைப் பின்னும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் 'குலூரா'. கிரேக்கத்தில் வளையம் என்று பொருள். ஏதென்ஸ் தெருமுனைகளில் எள் தூவி விற்கும் வளைய ரொட்டிக்கும் இதே வேரிலிருந்து 'குலூரி' என்று பெயர். நமக்குப் பானைக்கு அடியில் வைக்கும் பிரிமணைதான் சட்டென்று நினைவுக்கு வரும். இளங்கொடியின் கிளைகளை முதல் சில ஆண்டுகள் தரையோடு வளரவிட்டு, பிறகு ஒன்றோடொன்று முறுக்கி வட்டமாகச் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும், ஜனவரி முதல் மார்ச்சுக்குள், கவாத்து செய்யும்போது முந்தைய ஆண்டுக் கிளைகளில் வலுவானதை விட்டு மற்றதை நறுக்கி, விட்டதை அதே வளையத்தின்மேல் இன்னொரு சுற்றாகப் பின்னுகிறார்கள். இப்படியே ஆண்டுக்கு ஒரு சுற்றாகப் பிரிமணை கூடையாகிறது. கோடையில் கூடையின் வெளிப்புறமும் மேற்புறமும் இலை மூடிக்கொள்ள, குலைகள் உட்புறத்துக் குழியில் தொங்கும்.

காரணம் காற்று. மே மாதத்தில் பூ பிடிக்கும் நேரத்திலும், ஜூலை ஆகஸ்டில் 'மெல்தேமி' என்ற வடகாற்று ஓயாமல் வீசும்போதும், மணலும் நுரைக்கல் தூளும் பறந்து வந்து உப்புத்தாள் தேய்ப்பதுபோல் பூவையும் பிஞ்சையும் தேய்த்துவிடும். பந்தல் போட்டால் ஒரே பருவத்தில் எல்லாம் போய்விடும். கூடை இதைத் தடுக்கிறது. உச்சி வெயிலையும் தடுக்கிறது. இரவுப் பனியைக் குழிக்குள் சிறிது நேரம் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. காற்று சற்று அடங்கிய இடங்களில் கூடைக்குப் பதிலாகக் கிளைகளைச் சின்னச் சின்ன வளையங்களாக மடித்துக் கட்டும் இன்னொரு முறையும் உண்டு. இரண்டையும் ஒரே தோட்டத்தில் பார்க்கலாம்.

கூடைக்கும் ஆயுள் இருக்கிறது. எழுபது, எண்பது ஆண்டு கழியும்போது வேரிலிருந்து நுனிவரை உயிர்ச்சாறு பல மீட்டர் முறுக்கு மரத்துக்குள் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, விளைச்சல் விழுகிறது. அப்போது கூடையை அடியோடு வெட்டி எடுத்துவிடுவார்கள். பழைய வேரிலிருந்து புதுத் துளிர் கிளம்பும், பின்னல் முதலிலிருந்து தொடங்கும். சில ஆண்டுகளுக்கு அந்தக் கொடியிலிருந்து வருமானம் இல்லை. ஒரே வேரில் இப்படிப் பலமுறை கூடை மாற்றியிருப்பதால், வேரின் வயது பல நூறு ஆண்டு என்று சொல்வதில் மிகை இல்லை. வெட்டி எடுத்த பழைய கூடைகளை ஒயின் ஆலை வாசல்களிலும் சாப்பாட்டுக் கடைகளின் உத்தரத்திலும் தொங்கவிட்டிருப்பார்கள். விளக்குக் கூண்டு என்று நினைத்துப் பலரும் கடந்து போவார்கள்.

இதில் எந்த வேலைக்கும் இயந்திரம் நுழைய முடியாது. அறுவடை முழுக்க மண்டியிட்டு, இலையை விலக்கி, குழிக்குள் கைவிட்டு அறுப்பதுதான். பின்னத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நிலமும் சுருங்குகிறது: இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய 1,100 ஹெக்டேர், ஒரு காலத்தில் இருந்ததில் ஒரு சிறு பங்கு. 1956 ஜூலை 9 நிலநடுக்கத்துக்குப் பிறகு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியபோது தோட்டங்கள் பாழாயின; பின்னால் வந்த சுற்றுலா மீதியில் ஓட்டல் கட்டியது. 2023, 2024 வறட்சியில் விளைச்சல் மிக மோசமாகச் சரிந்தது. கடையில் ஒரு பாட்டில் 30 யூரோவைத் தாண்டுகிறதே என்று முகம் சுளிக்கும் முன் இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்வது நியாயம்.

கோப்பையில் என்ன இருக்கிறது

தீவின் ராணி 'அசிர்த்திகோ' என்ற வெள்ளைத் திராட்சை. வெயில் கொளுத்தும் இடத்தில் விளையும் திராட்சைக்குச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். இது பொது விதி. அசிர்த்திகோ சர்க்கரையை ஏற்றிக்கொண்டே புளிப்பையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. மண்ணில் பொட்டாசியம் குறைவு என்பது இதற்கு ஒரு காரணம். பொட்டாசியம் அதிகம் இருந்தால் சாற்றிலுள்ள டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்து புளிப்பைக் குறைத்துவிடும். இங்கே அமிலம் அப்படியே தங்குகிறது. அதனால் 14 சதவீத ஆல்கஹாலும், பி.ஹெச். 3ஐ ஒட்டிய புளிப்பும் ஒரே கோப்பையில் கிடைக்கின்றன. முதல் மிடறில் எலுமிச்சைத் தோல், நனைந்த கல், கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்பு. பழவாசனையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இது பழரசத்துக்கு அண்ணன் தம்பி முறைகூட இல்லை.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். யாரும் ஊற்றுவதில்லை என்பது மட்டும் நிச்சயம். இதே ஏஜியன் கடலில் கிழக்கே இருக்கும் கோஸ் தீவில் பழங்காலத்தில் ஒயினில் கடல்நீர் கலந்தே செய்தார்கள். அந்த கோஸ் வகை ஜாடிகளின் உடைசல்கள்தான் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஏராளமாகக் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் ஊற்றித் தரும் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' கொஞ்சம் உப்புக்கரித்திருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

அசிர்த்திகோவுக்குத் துணையாக 'அதிரி', 'ஐதானி' என்ற வெள்ளை வகைகள். முன்னது மென்மை, பின்னது பூவாசம். சிவப்பில் 'மந்திலாரியா' அடர் நிறம், 'மாவ்ரோத்ராகனோ' நல்ல துவர்ப்பு. பின்னது அழியும் நிலைக்குப் போய் மீண்டு வந்த வகை. சிவப்பு ஒயின் கிடைப்பது குறைவு, விலையும் அதிகம். நேரமும் காசும் அளவாக இருந்தால் வெள்ளையிலேயே நின்றுகொள்ளலாம்.

தீவின் உலர் (அதாவது இனிப்பில்லாத) வெள்ளை ஒயினுக்கு 1971இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. பாட்டிலில் 'நிக்தேரி' என்று இருந்தால் அது தனி வகை. 'நிக்தா' என்றால் இரவு. பறித்த அன்றே, விடிவதற்குள் பிழிந்து முடிக்கும் பழைய பழக்கத்தால் வந்த பெயர். நன்றாகப் பழுத்த திராட்சை, குறைந்தது 13.5 சதவீத ஆல்கஹால், குறைந்தது மூன்று மாதம் பீப்பாய். மீன் வறுவலுக்கும் காரமான சாப்பாட்டுக்கும் வெறும் அசிர்த்திகோவைவிட இது நன்றாக ஈடுகொடுக்கும்.

'வின்சாந்தோ' வேறு உலகம். ஆகஸ்டில் நன்கு பழுத்த குலைகளைப் பறித்துத் திறந்த வெளியில் பரப்பி, ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரை வெயிலில் காயவிடுகிறார்கள். நம் வீட்டு மாடியில் வற்றல் போடும் அதே வேலை, அதே கவலை: இரவுப் பனி அதிகமானால் பூஞ்சை பிடிக்கும், திருப்பிப் போடாவிட்டால் அடிப்பக்கம் அழுகும். வற்றிச் சுருங்கிய பழத்தில் சர்க்கரை அவ்வளவு அடர்ந்திருப்பதால் ஈஸ்ட் பாதியிலேயே களைத்து நின்றுவிடுகிறது. மிஞ்சும் இனிப்பு லிட்டருக்கு 200 கிராமைத் தாண்டுவது சகஜம். பாதிக்கு மேல் அசிர்த்திகோ இருக்க வேண்டும், பீப்பாயில் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது விதி; நல்ல ஆலைகள் பத்து, இருபது ஆண்டுகூட வைத்திருக்கும். நிறம் காப்பிக் கஷாயம். வாசனையில் உலர் அத்தி, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு. ஆனால் அந்தப் புளிப்பு அடியில் இருப்பதால் திகட்டாது. ஒரு காலத்தில் ரஷ்யத் திருச்சபையின் திருவிருந்துக்கு இந்த ஒயின்தான் கப்பலேறியது. 1917 புரட்சியோடு அந்தச் சந்தை முடிந்தது. இத்தாலியின் டஸ்கனியிலும் இதே உச்சரிப்பில் ஓர் ஒயின் உண்டு. அது இரண்டு சொல், இது ஒரே சொல். பெயர் தொடர்பாக நடந்த இழுபறி இப்படி முடிந்தது.

எப்போது, எப்படி

அறுவடை ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் முதல் வாரத்திலோ தொடங்கும். ஐரோப்பாவிலேயே மிக முன்னதான அறுவடைகளில் ஒன்று. அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட் முதல் பாதி. கூட்டம், வெயில், இரட்டிப்பு அறை வாடகை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு போக வேண்டும்; ஆலைக்காரர்களுக்கும் அப்போது நின்று பேச நேரம் இருக்காது. நிதானமாகப் பார்க்க மே இரண்டாம் பாதி அல்லது செப்டம்பர் இரண்டாம் பாதி. கூடையின் பின்னலை இலை மறைக்காமல் பார்க்க வேண்டுமானால் குளிர்காலம்தான் சரி, ஆனால் அப்போது பாதி ஆலைகளும் முக்கால்வாசி உணவகங்களும் பூட்டிக் கிடக்கும்.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் ஏறக்குறைய எட்டு மணி நேரம், வேகப் படகு ஐந்து. மெல்தேமி வீசும் மாதங்களில் வேகப் படகுகள்தான் முதலில் ரத்தாகும். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளாவது ஏதென்ஸில் இருக்கும்படி திட்டமிடாவிட்டால் சிக்கல். சுற்றுலாக் கப்பலில் வந்து ஆறு மணி நேரத்தில் திரும்புகிறவர்கள் தோட்டம் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம்: கேபிள் கார் வரிசையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும், மேலே ஏறினால் எல்லோரும் போகும் அதே மொட்டைமாடிதான். குறைந்தது மூன்று இரவு வேண்டும்.

தங்குமிடத்தை ஓயா, இமெரோவிக்லி போன்ற விளிம்பு ஊர்களில் போடாமல் பிர்கோஸ், மெகாலோகோரி, எக்ஸோ கோனியா பக்கம் போட்டால் வாடகையும் குறையும், ஆலைகளும் நடைதூரத்தில் வரும். இதுதான் இந்தக் கட்டுரையில் உள்ள மிக உபயோகமான வரி. பிர்கோஸ் கோட்டைமேட்டில் ஏறினால் சுற்றிலும் தோட்டங்கள் விரிப்பு விரித்ததுபோல் தெரியும். அங்கிருந்து எக்ஸோ கோனியாவுக்கு இறங்கும் நடை முக்கால் மணிக்குள் முடியும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் நடந்துவிடலாம்.

பஸ்கள் எல்லாம் பிரா ஊரைச் சுற்றியே ஓடுகின்றன. ஓயாவிலிருந்து பிர்கோஸ் போக வேண்டுமென்றால் பிராவில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். பெரிஸ்ஸா பஸ் பிர்கோஸ், மெகாலோகோரி வழியே போகும். கமாரி பஸ் வொத்தோனாஸ் பக்கத்து ஒயின் அருங்காட்சியகம் வழியே போகும். டிக்கெட் பஸ்ஸிலேயே, சில்லறைக் காசு வைத்திருப்பது நல்லது. டாக்சி மிகக் குறைவு. மாலையில் கிடைக்கும் என்று நம்பி ஆலைக்குப் போகக் கூடாது. முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் வேண்டும். கிரேக்கத்தில் ரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், இருசக்கர வண்டி ஓட்டுவோருக்கும் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் 0.2 மட்டுமே. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆலையில் ஐந்து வகை, ஒவ்வொன்றும் 60 மில்லி என்றால் 300 மில்லி. 14 சதவீதத்தில் அது 42 மில்லி சுத்த ஆல்கஹால். நம்மூர்க் கணக்கில் 30 மில்லி பிராந்தி பெக் மூன்றுக்கும் மேல். இரண்டு ஆலை பார்த்தால் ஆறரை பெக். 'ருசிதானே பார்த்தோம்' என்பது போலீஸிடம் எடுபடாது. நான்கு சக்கர ஏடிவி வண்டிகளை எல்லோரும் ஆசையாக எடுக்கிறார்கள். அத்தினியோஸ் துறைமுகத்திலிருந்து ஏறும் கொண்டையூசி வளைவுகளில் எதிரே சொகுசுப் பஸ் வரும்போது அந்த ஆசை தீர்ந்துவிடும்.

துப்பினால் சிக்கல் இல்லை. துப்புவது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குவது உண்டு. மேசையில் வைத்திருக்கும் வாளி அதற்காகவே வைத்தது. ஒயின் செய்கிறவர்களே நாள் முழுக்கத் துப்பித்தான் வேலை பார்க்கிறார்கள். வாயில் ஐந்து நொடி சுழற்றி, நாக்கின் எல்லா மூலைக்கும் போனபின் துப்பினால் ருசி எதுவும் குறையாது.

ஒரு நாளைக்கு இரண்டு ஆலைதான். மூன்றாவது ஆலையில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் புளிப்பாகவே தெரியும். இவ்வளவு புளிப்புள்ள ஒயினுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். காலையில் ஒன்று, நன்றாகச் சாப்பிட்டு, மாலையில் ஒன்று. வரிசை: முதலில் பீப்பாய் படாத அசிர்த்திகோ, பிறகு பீப்பாயில் வைத்தது, நிக்தேரி, சிவப்பு, கடைசியில் வின்சாந்தோ. வின்சாந்தோவை நடுவில் குடித்துவிட்டால் அதற்குப் பின் வரும் உலர் ஒயின் எல்லாம் புளித்த மோர்தான். அன்று காலை சென்ட், புதினா மிட்டாய் இரண்டும் வேண்டாம்.

எந்த ஆலை என்பது எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1947இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவின் சாந்தோ ஒயின்ஸ், பிர்கோஸுக்கு அருகே விளிம்பில் இருக்கிறது. காட்சி அபாரம், கூட்டமும் அபாரம். மாலையில் போனால் நீங்கள் வாங்குவது சூரியாஸ்தமனம், ஒயின் இனாம். காலை பத்து மணிக்குப் போனால் அதே இடம் ஓரளவு அமைதியாக இருக்கும். அத்தினியோஸ் துறைமுகத்துக்கு மேலே வெனெத்சானோஸ் ஆலை, மின்சாரம் இல்லாத காலத்தில் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டியது. மேல் தளத்தில் திராட்சை, கீழ்த்தளத்தில் ஒயின், நடுவில் எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. பம்பு இல்லாமல் ஓர் ஆலை எப்படி ஓடும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. எபிஸ்கோபி கோனியாவில் ஆர்கிரோஸ் குடும்பம் 1903 முதல் இருக்கிறது. பழைய கொடிகளையும் பழைய வின்சாந்தோவையும் பார்க்க அங்கே போகலாம். மொனோலித்தோஸ் பக்கம் கடலோரத்தில் காயா ஆலை ஒரு பழைய தக்காளித் தொழிற்சாலைக்குள் நடக்கிறது. எல்லா இடத்துக்கும் முன்பதிவு வேண்டும். கோடையில் ஒரு வாரம் முன்னதாகவாவது. 'தோட்டத்துக்குள்ளும் கூட்டிப் போவீர்களா?' என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் மேசையில் உட்கார வைத்து ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

'கனாவா' என்ற சொல் காதில் விழுந்தால் விடாதீர்கள். ஆஸ்பா மண்ணைக் குடைந்து வளைவுக் கூரையோடு அமைத்த பழைய ஒயின் கிடங்கு அது. மரம் இல்லாத தீவு. உத்தரத்துக்கு வழியில்லை, ஆகவே குடைந்தார்கள். உள்ளே கோடையிலும் குளிர்ச்சி. ஒரு மூலையில் தொட்டி போல இருப்பது காலால் திராட்சை மிதிக்கும் இடம், 'பாத்தித்திரி'. தொட்டியின் ஓட்டை வழியே சாறு கீழ்த் தொட்டிக்கு இறங்கும். முடிந்தால் ஒயினை இந்தக் குகைக்குள்ளேயே சுவைத்துவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் பத்தே நிமிடத்தில் கோப்பை சூடாகிவிடும், அப்போது ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும். அசிர்த்திகோவுக்கு 10 முதல் 12 டிகிரி சரியான சூடு. ஐஸ் வாளியில் முக்கி 5 டிகிரிக்குக் கொண்டுபோனாலும் வாசனை முழுக்க ஒடுங்கிவிடும்.

தோட்டத்துக்குள் நடக்கும்போது வேலி இல்லையே என்று குறுக்கே நடக்கக் கூடாது. வளையத்தின் விளிம்பு இலைக்கடியில் மறைந்திருக்கும். ஒரு மிதியில் ஒடிவது முப்பது ஆண்டுப் பின்னலாக இருக்கலாம். நடுவில் உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் தோட்டக்காரர்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு இந்தத் தீவு எதிர்பாராத சொர்க்கம். 'பாவா' என்று பட்டியலில் இருப்பது பெயருக்கு ஏற்ற அவரை அல்ல, மஞ்சள் பருப்பு மசியல். நம் கேசரிப் பருப்புக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு பயறு. ஆலிவ் எண்ணெய், வெங்காயம், உப்பில் போட்ட கேப்பர் மொட்டு சேர்த்துத் தருவார்கள். அசிர்த்திகோவின் புளிப்பு இந்தப் பருப்புக்கு எலுமிச்சை பிழிந்ததுபோல் வேலை செய்யும். மழையை மட்டும் நம்பி விளையும் சின்னத் தக்காளியில் செய்த வடை, விதை குறைந்த வெள்ளைக் கத்திரிக்காய், இரண்டும் விடக் கூடாதவை. அக்ரோத்திரி அகழ்வாய்வுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள்: 1967இல் ஸ்பிரிதோன் மரினாத்தோஸ் தோண்டத் தொடங்கிய இடத்தில், அந்தப் பெருவெடிப்பின் சாம்பலுக்கடியில் ஆளுயரச் சால்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று கொடி நிற்கும் மண் அந்த வீடுகளின் கூரைமேல் விழுந்த மண் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைக்கும்.

பாட்டிலைக் கொண்டுவருவது

இந்தியாவுக்குள் ஒருவர் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். வின்சாந்தோ பெரும்பாலும் 500 மில்லி பாட்டிலில் வருகிறது. உலர் ஒயின் 750. ஆக இரண்டு அசிர்த்திகோ, ஒரு வின்சாந்தோ என்றால் கணக்கு மில்லி பிசகாமல் 2 லிட்டர். கைப்பையில் ஏற்ற முடியாது, பெட்டியில்தான் போட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒன்றோடொன்று முட்டாமல் துணிக்கு நடுவில், பெட்டியின் ஓரத்தில் படாமல் வைக்க வேண்டும். உடைவது பெரும்பாலும் கழுத்துப் பகுதியில். அதைச் சுற்றி ஒரு சாக்ஸ் மாட்டினால் போதும்.

பலரும் கோட்டை விடுவது விமானத்தில் அல்ல, வாடகைக் காரில். ஆலையில் காலையில் வாங்கி, டிக்கியில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய் நான்கு மணி நேரம் கழித்து வந்தால் உள்ளே ஒயின் வெந்நீர்போல் சூடேறிக் கிடக்கும். விரிந்த ஒயின் கார்க்கை மேலே தள்ளும், கசியும், காற்று புகும். கடைசி நாள் கடைசி ஆலையில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் சென்னை வெயிலில் அலமாரியில் வைத்தால் அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக. குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் படுக்க வைத்து, ஓராண்டுக்குள் திறந்துவிடுவது உத்தமம். திறக்கும்போது அரை மணி முன்னதாக வெளியே எடுத்து, பெரிய வாய்க் கோப்பையில் ஊற்றுங்கள். அசிர்த்திகோ முதல் நாளைவிட இரண்டாம் நாள் நன்றாக இருப்பது உண்டு. மீதியை மூடி மறுபடி உள்ளே வைத்தால் மூன்று நாள் தாங்கும். வின்சாந்தோ சில வாரம்கூடத் தாங்கும், அவசரமில்லை. சின்னக் கோப்பையில் 40 மில்லி, பக்கத்தில் நல்ல கருப்புச் சாக்லேட் ஒரு துண்டு, அல்லது உப்புக் கலந்த பாலாடைக்கட்டி. அதிரசத்தோடும் ஒத்துப்போகும்.